வானத்துக்கு இருபதாயிரம் கோடி! வலைக்குத் தடை! ராக்கெட் கணக்கில் எங்கள் பட்டினி நாளையும் சேர்!



ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் தேதியை அறிவித்தால் நாட்டுக்கே அது திருவிழா. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைதட்டல், தலைவர்களின் வாழ்த்துச் செய்தி. பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு மட்டும் அன்றைக்கு வரும் சேதி ஒன்றே ஒன்றுதான்: "யாரும் கடலுக்குப் போகக் கூடாது!"

கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் என்று வரிசையாகப் படகுகள் கரையில் கிடக்கும். மீன்வளத் துறை அறிவிப்பு, கடலோரக் காவல் ரோந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி அனுப்புவது எல்லாம் ஒழுங்காக நடக்கும். அன்றைய சோற்றுக்கு என்ன வழி என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ராக்கெட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மனுஷனை விண்வெளிக்கு அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். கோடி கோடியாகக் கொட்டும் அந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கில், வேலையை விட்டுக் கரையில் உட்காரும் இந்த ஜனங்களின் கூலி ஏன் இல்லை?

விவசாய சங்கத்துக்கு ராக்கெட்டில் என்ன வேலை?

கேட்பார்கள். கேட்கட்டும். பதில் இருக்கிறது.

ஆரணி ஆறு நம்ம வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. ஏரி முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்கிறது. முகத்துவாரம் மணல் மூடினால் மீனவனுக்கு இறால் வராது, படகு கடலுக்குப் போகாது. அதே முகத்துவாரம் மூடிக் கிடக்கையில் மழை வெள்ளம் வந்தால் தண்ணி வடிய வழியில்லாமல் நம்ம பக்கம்தான் தேங்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் உப்பு கிணற்றுக்குள் ஏறி எத்தனை வருஷம் ஆச்சு? உப்புக் கிணற்றால் நிலத்தை விட்டவனும் முகத்துவாரம் மூடியதால் வலையை விட்டவனும் கடைசியில் ஒரே கம்பெனி வாசலில்தான் கான்ட்ராக்ட் கூலிக்கு நிற்கிறான்.

ஏர் பிடிக்கிறவன் வேறு, துடுப்புப் போடுகிறவன் வேறு என்று பிரிந்து நின்ற காலம் போதும். இன்றைக்கு அவன் கடலுக்குத் தடை. நாளைக்கு நம்ம நிலத்துக்கு நோட்டீஸ். ஆகவே இது நம்ம பிரச்சினை.

கணக்கைப் பாருங்கள்

மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தை 2018 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்தார். அந்த டிசம்பரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2024 செப்டம்பரில் திட்டத்தை விரிவாக்கினார்கள். இந்தியாவுக்கென்று தனி விண்வெளி நிலையம், அதற்கு முதல் பகுதியை அனுப்புவது என்று சேர்த்து, கூடுதலாக 11,170 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மொத்தம் 20,193 கோடி ரூபாய். 2028 டிசம்பருக்குள் 8 பயணங்கள் என்று இலக்கு வைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் கட்ட 3,985 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். அடுத்த தலைமுறை ராக்கெட்டுகளும், ஆள் ஏறும் ராக்கெட்டுகளும் அங்கிருந்து கிளம்புமாம். அதே மாதம் 29-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100-வது ராக்கெட் பறந்தது. நாடே கொண்டாடியது. நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் நூறு ராக்கெட் என்றால் ஏரிக்கரைக் குப்பங்களுக்கு எத்தனை தடை நாள்? இதைக் கூட்டிப் பார்த்த அதிகாரி யார்?

இப்போது இன்னொரு தொகையைப் பாருங்கள். பழவேற்காடு முகத்துவாரம் மூடாமல் இருக்க, கடலுக்குள் நிரந்தரமாக அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று மீனவர்கள் எத்தனையோ வருஷம் கேட்டார்கள். மனு, மறியல், உண்ணாவிரதம் எல்லாம் பார்த்த கோரிக்கை அது. அதற்கு மாநில அரசு போட்ட திட்டத்தின் மதிப்பு 26 கோடியே 85 லட்சம் ரூபாய். ககன்யான் பணத்தில் இது 750-ல் ஒரு பங்கு! அந்த ஒரு பங்குக்காக ஒரு தலைமுறையே கால் கடுக்க நிற்க வேண்டியிருந்தது.

நாட்டில் பணம் இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். பணம் இருக்கிறது. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

வேலை வருகிறதாம்! யாருக்கு?

"ககன்யானால் 15,000 பேருக்கு வேலைவாய்ப்பு, அதில் பெரும்பகுதி தனியார் தொழிற்சாலைகளில்" என்று 2018-ல் அப்போதைய இஸ்ரோ தலைவர் கே.சிவன் சொன்னார். 2024-ல் இஸ்ரோ ஒரு பொருளாதார ஆய்வை வெளியிட்டது. விண்வெளித் துறையால் பத்தாண்டில் நேரடியாகவும் மறைமுகமாகவும் 47 லட்சம் வேலைகள் உருவானது என்றும், அந்தத் துறையில் புழங்கும் ஒரு ரூபாய் பொருளாதாரத்தில் 2 ரூபாய் 54 காசாகப் பெருகுகிறது என்றும் அதில் கணக்குச் சொன்னார்கள்.

சரி, ஒத்துக்கொள்வோம். அந்த வேலை எந்த ஊரில் இருக்கிறது?

மனித விண்வெளிப் பயண மையம் பெங்களூரில். வீரர்களுக்குப் பயிற்சி பெங்களூரில். ராக்கெட் வடிவமைப்பு திருவனந்தபுரத்தில். இன்ஜின் சோதனை நம்ம திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில். பெரிய பூஸ்டரின் உலோகக் கூடு மும்பை பொவாயில் தனியார் கம்பெனியில். பாராசூட் ஆக்ராவில். கடைசியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து பூட்டி, எரிபொருள் நிரப்பி, தீ வைக்கும் இடம் மட்டும் நம்ம ஏரிக்கு அக்கரையில்!

மற்ற ஊருக்கெல்லாம் வேலை போகிறது. சத்தமும் புகையும் தடையும் நமக்கு வருகிறது.

அக்கரையில் நிரந்தர வேலை வேண்டுமென்றால் அகில இந்திய அளவில் தேர்வு. பொறியியல் பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டும். தகுதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும், அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்தத் தகுதியை அடைய ஏரிக்கரைப் பிள்ளைக்கு இந்த அரசு என்ன செய்து கொடுத்தது? 1971-ல் இருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக ராக்கெட் தளம் இருக்கிறது. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. பொன்னேரி வட்டத்து மீனவக் குப்பங்களிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் எத்தனை பேர் அங்கே நிரந்தர வேலையில் இருக்கிறார்கள்? ஊர்வாரியாகப் பட்டியல் வெளியிடத் தயாரா? பத்து விரலை மடக்கி எண்ணி முடித்துவிடக்கூடிய பட்டியலாக இருக்காது என்று அரசால் நிரூபிக்க முடியுமா?

அவர்கள் சொல்லும் அந்த 2 ரூபாய் 54 காசுக் கணக்கு, தலைகீழாகவும் ஓடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு படகு கடலுக்குப் போகவில்லை என்றால் படகுக்காரனுக்கு மட்டுமா நட்டம்? கூடப்போகும் ஆட்களுக்குப் பங்கு இல்லை. ஐஸ் விற்கவில்லை. டீசல் விற்கவில்லை. ஏலக்காரனுக்கு வேலை இல்லை. கூடை தூக்கிப் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போகும் அம்மாவுக்கு மீன் இல்லை. லோடு வண்டிக்காரனுக்கு வாடகை இல்லை. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு மட்டும் அன்றைக்கும் கணக்கு ஓடும். பெங்களூரில் ஒரு ரூபாய் பெருகுகிற அன்றே பழவேற்காட்டில் ஒரு ரூபாய் சுருங்குகிறது. ஆய்வு எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ஆள் ஏறும் ராக்கெட்டும் நம்ம கரைக்கடலும்

"செயற்கைக்கோள் ஏவும்போதும் தடை உண்டு. இப்போது மட்டும் என்ன புதுசு?" என்று கேட்கலாம். புதுசு இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

செயற்கைக்கோள் ராக்கெட் பழுதானால் நட்டம் பணத்தோடு போகும். மனுஷன் ஏறிய ராக்கெட் பழுதானால் அவன் உயிர் தப்ப வழி வேண்டும். அதற்காக ராக்கெட்டின் உச்சியில் ஒரு தப்பிக்கும் ஏற்பாடு வைக்கிறார்கள். கீழே ஏதாவது கோளாறு என்று தெரிந்தவுடன், அது வீரர்கள் உட்கார்ந்திருக்கும் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு விலகிப் பறக்கும். பிறகு பாராசூட் விரிந்து கலம் கடலில் இறங்கும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கோளாறு என்றால் கலம் எங்கே விழும்? நடுக்கடலில் விழாது. கரைக்குப் பக்கத்திலேயே விழும்.

2023 அக்டோபர் 21-ல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஆளில்லாத கலம், ஸ்ரீஹரிகோட்டா கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் இறங்கியது. கடற்படை போய் மீட்டது. 2025 ஆகஸ்டு 24-ல் ஹெலிகாப்டரில் மாதிரிக் கலத்தை மேலே கொண்டுபோய், ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் போட்டு பாராசூட் சோதனை செய்தார்கள். 10 கிலோமீட்டர் என்பது யாருடைய கடல்? பெரிய கப்பல்காரன் கடலா? நாட்டுப் படகும் ஃபைபர் படகும் அன்றாடம் வலை விரிக்கும் கரைக்கடல் அது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 2023 சோதனை காலை 8 மணிக்கு என்று சொன்னார்கள். தள்ளிப் போட்டார்கள். கடைசி 5 நொடியில் கம்ப்யூட்டர் நிறுத்தியது. கோளாறு பார்த்து 10 மணிக்கு ஏவினார்கள். உயிர் விஷயத்தில் அப்படித்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், தப்பே இல்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் படகு இறக்கி, வெயில் ஏறும் முன் கரை சேர்ந்து ஏலம் போடுகிறவனுக்கு, எட்டு மணி ராக்கெட் என்றால் அன்றைக்குப் பிழைப்பே போச்சு. தேதியே தள்ளிப்போனால் மறுபடியும் ஒரு தடை. ஏவிய நாளைத்தான் உலகம் எண்ணும். தள்ளிப்போன நாளை எண்ணுவது கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவன் மட்டும்தான்.

ஆகவே ஆள் ஏறும் ராக்கெட் அதிகமாக ஆக, கரைக்கடலைக் காலி செய்யும் தேவையும் அதிகமாகும். மூன்றாவது ஏவுதளம் வந்தால் தடை நாள் கூடுமா குறையுமா? நீங்களே சொல்லுங்கள்.

மேலே போகிற வீரர் உயிரோடு திரும்பி வரவேண்டும். அந்த நால்வரில் ஒருவர் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். அவருக்காகக் கடலைக் காலி செய்து கொடுக்க நம்ம மீனவன் மறுக்கவே மாட்டான். ஆனால் அப்படிக் கொடுப்பது அவன் செய்கிற வேலை. ராக்கெட் பாதுகாப்பில் அவனுக்கும் ஒரு பங்கு. கப்பலில் காத்திருக்கும் சிப்பாய்க்கு அன்றைக்குச் சம்பளம் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டு. கரையில் படகைக் கட்டிப்போட்டவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

தடை போட்டால் நிவாரணம் – அரசே ஒத்துக்கொண்ட நியாயம்

இது புதுக் கோரிக்கை இல்லை. அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட நியாயம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வைக்கிறார்கள். அதற்குத் தமிழக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. தொகை போதுமா போதாதா என்பது வேறு சண்டை. ஆனால் பொது நன்மைக்காக மீனவன் தொழிலை நிறுத்தச் சொன்னால் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே அடங்கிவிட்டது. மீன் குஞ்சுக்காக நிறுத்தினால் நிவாரணம் உண்டு, ராக்கெட்டுக்காக நிறுத்தினால் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

மத்திய அரசையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டம் சாந்திப்பூரில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது. 2024 ஜூலையில் அங்கே ஒரு சோதனைக்காகப் பத்து கிராமத்து ஜனங்களைத் தற்காலிகமாக முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் இழப்பீடு என்று கொடுத்தார்கள். 300 ரூபாய் பிச்சைக்காசு என்று அந்த ஜனங்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் ஒரு நாள் பிழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டாச்சு. ஒடிசாவில் ஒப்புக்கொண்டது பழவேற்காட்டுக்கு வரும்போது ஏன் மறந்துபோகிறது?

எவ்வளவு செலவாகும் என்று பயப்பட வேண்டாம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தடையால் பிழைப்புப் போகிறவர்கள் 10,000 பேர், ஒரு நாளைக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு தடை நாளுக்கு 1 கோடி ரூபாய். வருஷத்துக்குப் பத்துத் தடை நாள் என்றால் 10 கோடி. பத்து வருஷத்துக்கும் சேர்த்து 100 கோடி. 20,193 கோடியில் இது 200-ல் ஒரு பங்குகூட வராது! இந்தக் கைத்தட்டுக் காசைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்துத்தானா இந்தியா நிலவுக்குப் போகிறது?

எப்போதும் மீனவன் கரைதானா?

இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-ல் கேரளத்து தும்பாவில் கிளம்பியது. தும்பா ஒரு மீனவ கிராமம். தங்கள் மாதா கோயிலையும் ஆயர் இல்லத்தையும் கூட விட்டுக்கொடுத்தார்கள் அந்த ஜனங்கள். கோயில்தான் முதல் பணிமனை.

1969-ல் ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே கடல், பூமி சுற்றும் திசையில் ராக்கெட்டை ஏவ வசதி, கீழே ஆள் நடமாட்டம் குறைவு என்று காரணம் சொன்னார்கள். 1971 அக்டோபர் 9-ல் முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து பறந்தது. அந்தத் தீவு யாருமில்லாத காடாகவா இருந்தது? காட்டில் கிழங்கெடுத்து, ஏரியில் மீன் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யானாதிப் பழங்குடிகளின் வீடு அது. அவர்கள் இடம்பெயர்ந்தார்கள். பட்டா இல்லாதவனுக்கு எந்தக் காலத்திலும் நிலம் இல்லை என்பதுதானே நம்ம அரசாங்கங்களின் கணக்கு!

2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்குப் புதுத் தளம் அமைக்க அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 986 கோடி ரூபாய்த் திட்டம். அதுவும் மீனவர் கரை, பனைத் தொழிலாளர் பூமி.

தும்பா, ஸ்ரீஹரிகோட்டா, குலசேகரன்பட்டினம். மூன்றிலும் இடம் கொடுத்தவன் மீனவனும் பழங்குடியும் சம்சாரியும்தான். பலனில் பங்கு கேட்டால் மட்டும் "இது தேசத் திட்டம்" என்கிறார்கள். தேசத் திட்டத்துக்குத் தேசம் முழுக்கச் சுமக்க வேண்டாமா? ஒரே தோள் மீதே எத்தனை காலம் ஏற்றுவீர்கள்?

"வளர்ச்சிக்கு எதிரி" என்பார்கள்

இதைப் பேசினால் உடனே ஒரு முத்திரை குத்துவார்கள். "செயற்கைக்கோள் இல்லாவிட்டால் உங்களுக்குப் புயல் எச்சரிக்கை ஏது? மீன் எங்கே இருக்கிறது என்று சொல்வது யார்?" என்று கேட்பார்கள்.

நன்றாகக் கேட்கட்டும். புயல் எச்சரிக்கையால் உயிர் பிழைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஐதராபாத் மையத்திலிருந்து வரும் மீன்வளப் பகுதிக் குறிப்பும் உதவுகிறது. 2017-ல் ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் எத்தனை உயிர் போனது என்று குமரி மாவட்டத்து வீடுகளைக் கேட்டால் தெரியும். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. அந்த விஞ்ஞானிகளுக்கு நாங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் செயற்கைக்கோள் வேறு, ஆள் அனுப்புவது வேறு. ஆள் போய் வருவதால் நாட்டுக்குப் பெருமை உண்டு, விஞ்ஞானம் வளரும், பெரிய தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கிடைக்கும். புயல் சேதி அதனால் ஒரு மணி நேரம் முந்தி வராது. முகத்துவாரத்து மணல் ஒரு கூடை குறையாது. ஒன்றின் நன்மையைக் காட்டி இன்னொன்றின் செலவை எங்கள் தலையில் கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

பழவேற்காட்டு மீனவனுக்குப் பங்கு வைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. நம்ம வாய்க்காலில் முறைத் தண்ணி விடுகிற மாதிரி, எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடாது, மோசமான நாள் ஒருத்தன் தலையிலேயே விழாது. படிக்காத பாட்டன் பூட்டன் கண்டுபிடித்த இந்த நியாயம், டெல்லியில் திட்டம் போடும் மெத்தப் படித்தவர்களுக்குப் புரியாமல் போனது எப்படி?

உலகம் என்ன செய்தது?

அமெரிக்காவில் 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்களை நிறுத்தினார்கள். கென்னடி ஏவுதளம் இருக்கும் புளோரிடாக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அங்கே ஆள் அனுப்பும் திட்டம் நின்றபோது சுற்றுவட்டாரத்துக்கு வேலை போனது. இங்கே ஆள் அனுப்பும் திட்டம் தொடங்கும்போதே சுற்றுவட்டாரத்துக்கு வேலை போகிறது! இதுதான் வித்தியாசம்.

தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்று ஒரு பிரதேசம். ஐரோப்பாவின் ராக்கெட் எல்லாம் அங்கே கூரூ என்ற இடத்திலிருந்துதான் பறக்கும். கோடிக்கணக்கான யூரோ மதிப்புள்ள ராக்கெட் மேலே போகும், கீழே ஆஸ்பத்திரி சரியில்லை, பள்ளிக்கூடம் சரியில்லை, வேலை இல்லை. 2017 மார்ச்சில் ஜனங்கள் திரண்டார்கள். தொழிற்சங்கம், விவசாயி, வண்டிக்காரர் என்று எல்லோரும் சாலையில் உட்கார்ந்தார்கள். ராக்கெட் கிளம்ப முடியாமல் நின்றது. ஏப்ரல் 21-ல் பிரெஞ்சு அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பிரதேசத்துக்கு நூறு கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கியது. மே முதல் வாரம் ராக்கெட் பறந்தது. ராக்கெட்டும் கெட்டுப்போகவில்லை, நாடும் மூழ்கிவிடவில்லை.

பிரேசிலில் அல்கந்தரா ஏவுதளத்துக்காக 1980-களில் 312 குடும்பங்களைக் கடற்கரையிலிருந்து கிளப்பி உள்நாட்டில் ஏழு குடியிருப்புகளில் வைத்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகளான அவர்களுக்குக் கடலும் தூரம், மீனும் தூரம். விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளியானது. பிரேசில் அரசு அவர்களின் உரிமையை மீறியது, நிலத்துக்குப் பட்டாவும் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. நாற்பது வருஷம் ஆனாலும் நியாயம் நியாயம்தான்.

ரெண்டு மாநிலத்துக்கு நடுவில்

நம்ம பிரச்சினை ஏன் தீரவில்லை? தளம் ஆந்திராவில், திருப்பதி மாவட்டத்தில். தடை விழுவது தமிழ்நாட்டு மீனவன் மேலும்தான். ஆந்திர அரசைக் கேட்டால் நாங்கள் வேறு மாநிலம். சென்னையில் கேட்டால் "அது மத்திய அரசு விவகாரம்". டெல்லியைக் கேட்டால் "மீன்வளம் மாநிலப் பொறுப்பு". பந்தை மூன்று பேரும் உதைக்கிறார்கள், அடி மட்டும் நமக்கு.

ஏரியில் ஆந்திரா மீனவனும் தமிழ்நாட்டு மீனவனும் எல்லைத் தகராறில் மோதிக்கொள்வது இன்னொரு கொடுமை. ராக்கெட் தடை வரும்போது ரெண்டு பேர் படகும் ஒன்றாகத்தான் கரையில் கிடக்கிறது. இந்தக் கோரிக்கையில் அவர்களும் நம்ம கூட்டாளிகள். அதை மறக்கக் கூடாது.

நமது கோரிக்கைகள்

1. ராக்கெட்டுக்காகக் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும், தள்ளிப்போன நாளுக்கும் சேர்த்து, நாள் கணக்கில் இழப்பீடு வழங்கு! அதை ஒவ்வொரு ஏவுதலின் செலவிலும் முன்கூட்டியே ஒதுக்கு!

2. இழப்பீடு படகு உரிமையாளருக்கு மட்டும் போகக் கூடாது. பங்குக்குப் போகும் தொழிலாளி, மீன் விற்கும் பெண்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்!

3. தடை எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த எல்லை வரை என்பதை முன்கூட்டியே தமிழிலும் தெலுங்கிலும் அறிவி! தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கடலை அடைக்காதே!

4. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு விண்வெளித் துறை செலவில் ஐ.டி.ஐ., டிப்ளமா படிப்பும், தொழில் பழகுநர் பயிற்சியில் தனி இடமும் கொடு! கரைக்கடல் ரோந்து, படகு ஓட்டுதல், மீட்புப் பணி ஆகியவற்றில் கடலை அறிந்த மீனவ இளைஞர்களை வேலைக்கு எடு!

5. ககன்யான் திட்டத்தால் எந்த மாவட்டத்தில் எத்தனை வேலை உருவானது என்று மாவட்ட வாரியாக வெள்ளை அறிக்கை வெளியிடு!

6. பழவேற்காடு முகத்துவாரம் வருஷம் முழுக்கத் திறந்திருக்க, தூர்வாரும் பராமரிப்புச் செலவில் விண்வெளித் துறையும் பங்கு கொடு!

7. மத்திய அரசு, தமிழ்நாடு, ஆந்திரா, இரு மாநில மீனவர் மற்றும் யானாதி, இருளர் பிரதிநிதிகள் கொண்ட நிரந்தரக் குழு அமை!

8. குலசேகரன்பட்டினத்தில் முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே இந்த உரிமைகளை அங்கே எழுத்தில் உறுதி செய்!

என்ன செய்யப் போகிறோம்?

முதல் வேலை, கணக்கு. ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு நோட்டு வையுங்கள். தடை சொன்ன தேதி, நேரம், யார் சொன்னது, எத்தனை படகு நின்றது, தள்ளிப்போனதா என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதலாம். நாளைக்கு மேசையில் உட்கார்ந்து பேசும்போது அதிகாரி ஃபைலைப் புரட்டுவார். நம்ம கையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும்.

ரெண்டாவது, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கடந்த பத்தாண்டில் எத்தனை தடை, எத்தனை பேருக்கு வேலை, முகத்துவாரத்துக்கு எவ்வளவு செலவு என்று எழுதிக் கேட்போம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு சங்கம் எழுதித் தரும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்களில் ஏரிக்கரையில் இருக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும், மேலே சொன்ன எட்டுக் கோரிக்கையும் தீர்மானமாக வர வேண்டும். விவசாயி ஊரிலும் வர வேண்டும், மீனவன் ஊரிலும் வர வேண்டும். "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று சொன்னால், இல்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பொன்னேரியில் திரளுவோம். ஏரும் துடுப்பும் ஒன்றாக வரும்.

1613-ல் டச்சுக்காரன் இந்த ஏரிக்கரையில் கோட்டை கட்டினான். அவனும் போனான், அவனுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரனும் போனான். ஏரியும், ஏரியை நம்பிய ஜனமும் இங்கேயே இருக்கிறோம். இப்போது நம்ம நாட்டு ராக்கெட்டே நம்ம தலைக்கு மேல் பறக்கிறது. சந்தோஷம். நம்ம ராக்கெட் என்பதால்தான் நம்ம பங்கைக் கேட்கிறோம். அந்நியனிடம் யாரும் பங்கு கேட்பதில்லை.

மத்திய அரசே! ராக்கெட் தடை நாளுக்கு இழப்பீடு கொடு!
மாநில அரசே! மீனவர் பக்கம் நின்று டெல்லியில் பேசு!
ஏரிக்கரை இளைஞருக்குப் பயிற்சி கொடு! வேலை கொடு!
முகத்துவாரத்தைத் திற! வாழ்வாதாரத்தை மூடாதே!
விவசாயி – மீனவர் – பழங்குடி ஒற்றுமை ஓங்குக!

படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

திரண்டு வாரீர்! ஆதரவு தாரீர்!

போராட்ட வாழ்த்துகளுடன்,
விவசாயிகள் சங்கம்,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.